நோஞ்சான்தான் ஜெயிப்பான் என்று தெரிந்த பிறகு எதற்குப் படிப்பது?

கேள்வி: நண்பர் கொடுத்த ஒரு டிஸ்டோபியா நாவலை, அதாவது கெட்டுப்போன ஒரு கற்பனைச் சமூகத்தைப் பற்றிய கதையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். வெளியுலகத்தோடு தொடர்பே இல்லாத ஒரு சின்ன ஊர். ஆண்டுக்கு ஒருமுறை சண்டைப் போட்டி. யாரும் ஒரு பொருட்டாக நினைக்காத நோஞ்சான் ஒருவன் அதில் இறங்கப் போகிறான். எண்பது பக்கம் தாண்டியும் சண்டை வரவில்லை, ஒரே ஊர் வர்ணனை. கடைசியில் அவன்தான் ஜெயிப்பான் என்பதும் தெரிகிறது. தொடரலாமா? இந்த மாதிரி நாவல்களை எப்படிப் படிப்பது?

பதில்:

தொடருங்கள். ஆனால் மறுபடி முதல் பக்கத்திலிருந்து. ஊர் வர்ணனை என்று நீங்கள் வேகமாகத் தள்ளிக்கொண்டு போன பக்கங்களிலேயே சண்டை பாதி நடந்து முடிந்திருக்கும். யார் ஜெயிப்பார் என்பது இந்த வகை நாவலில் பெரிய ரகசியம் கிடையாது. அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஊரை மூடி வைத்திருப்பது யார், மூடிய ஊருக்கு எதற்கு ஒரு சண்டை, ஜெயித்தவனை அந்த ஊர் அப்புறம் என்ன செய்யும்? கதை நெடுக இவற்றுக்குத்தான் பதில் வந்துகொண்டிருக்கும்.

சுவரிலிருந்து ஆரம்பிக்கலாம். இந்த மரபின் மூத்த புத்தகமே பள்ளம் தோண்டித்தான் தொடங்குகிறது. தாமஸ் மோர் 1516-இல் எழுதிய ‘யுடோபியா’வில் வரும் லட்சிய நாடு இயற்கையில் தீவு இல்லை. யுடோபஸ் என்ற அரசன் அதைப் பிடித்ததும், பெருநிலத்தோடு அதை ஒட்டவைத்திருந்த பதினைந்து மைல் நிலத்தை வெட்டிக் கடலை உள்ளே விடுகிறான். தோற்றுப்போன ஜனங்களையே அந்த வேலைக்கு இறக்குகிறான். அவர்களுக்கு அவமானமாகத் தோன்றக் கூடாதென்று தன் படைவீரர்களையும் கூடவே வெட்டச் சொல்கிறான். நல்ல ஊர் கட்டவே முதல் வேலை வழியை அடைப்பதுதான் என்றால், கெட்ட ஊருக்குச் சொல்லவா வேண்டும்? பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அரசின் அயர்லாந்துக் கொள்கையைக் குத்திக்காட்டத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் ‘டிஸ்டோபியா’ என்ற சொல்லை எடுத்தது 1868-இல், மோருக்கு 350 ஆண்டுகள் கழித்து. யெவ்கெனி சம்யாதின் 1920-21-இல் எழுதிய ‘நாங்கள்’ நாவலில் நகரத்தைச் சுற்றி ஒரு பச்சைச் சுவர். உள்ளே இருப்பவர்களுக்குப் பெயரே கிடையாது, எண்தான். அந்த நாவல் சோவியத் நாட்டில் அச்சேற 1988 ஆகிவிட்டது.

இப்படி ஒரு சுவர் வந்தால் நான் முதலில் தேடுவது தாழ்ப்பாளை. அது உள்பக்கம் இருக்கிறதா, வெளிப்பக்கமா? வெளிப்பக்கம் என்றால் அது சிறைக் கதை. உள்பக்கம் என்றால்தான் விஷயமே சுவாரசியமாகிறது: ஒரு காலத்தில் நியாயமான பயம் ஒன்று இருந்திருக்கிறது, ஜனங்களே மூடிக்கொண்டார்கள், பயம் போன பிறகும் யாரோ அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள். ஹியூ ஹௌவியின் ‘வுல்’ (2011) நாவலில் ஜனங்கள் மண்ணுக்கு அடியில் 144 மாடி ஆழத்துக்கு இறங்கும் ஒரு குழியில் வாழ்கிறார்கள். வெளியே போகணும் என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், அனுப்பி வைத்துவிடுவார்கள். அங்கே மரண தண்டனை என்றாலே அதுதான். உங்கள் நாவலில் வெளியுலகத்தைப் பற்றிச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். மூத்தவர்களா, பள்ளிக்கூடமா, கோயில் மாதிரி ஏதாவதா? அந்த ஆளைப் பென்சிலால் சுழித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கதாநாயகன் மோத வேண்டிய எதிரி அவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். களத்தில் எதிரே நிற்கும் தடியன் பாவம், அவனும் கூலிக்காரன்.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஒரு நிறுவனமோ கட்சியோ நாடோ கெட்டுப்போனால் உள்ளே இருப்பவர்களுக்கு இரண்டு வழி: விட்டுவிட்டுப் போவது, இருந்துகொண்டே குரல் எழுப்புவது. இரண்டுக்கும் நடுவில் விசுவாசம் நின்று, ஆள் எந்தப் பக்கம் சாய்வான் என்பதைத் தீர்மானிக்கும். அவர் எழுதியது டிஸ்டோபியா பற்றி இல்லை, ஆனால் இந்த நாவல்களைத் திறக்க இதைவிட நல்ல சாவி எனக்குக் கிடைக்கவில்லை. மூடிய ஊரில் போகும் வழி அடைபட்டிருக்கிறது. குரலுக்கும் இடமில்லை, ஏழை சொல் அம்பலம் ஏறாது. ஏழையின் உடம்பு மட்டும் வருஷத்துக்கு ஒருநாள் அம்பலம் ஏறலாம், அடிவாங்க. இந்த நாவல்களின் நாயகர்கள் பேச்சாளர்களாகவோ வக்கீல்களாகவோ இல்லாமல் சண்டைக்காரர்களாக இருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஊர் முழுக்கத் தன்னைப் பார்க்கும் ஒரே நேரம் அவனுக்கு அந்தக் களத்தில்தான் கிடைக்கிறது.

சரி, ஆள்பவர்கள் எதற்காக அந்த நேரத்தை அவனுக்குக் கொடுக்கிறார்கள்? பொழுதுபோக்கு என்று நாவலாசிரியர் விட்டுவிட்டால் அவர் யோசிக்கவில்லை என்று அர்த்தம். ரோமாபுரியைப் பாருங்கள். கிளாடியேட்டர் என்றாலே ஒருவன் சாகும்வரை சண்டை என்பது நம் மனத்தில் இருக்கும் படம். சிசிலியில் கிடைத்த ஃபிளாம்மா என்பவனின் கல்லறைக் கல் வேறு கணக்குச் சொல்கிறது: முப்பது வயது வாழ்ந்தான், 34 சண்டை, 21 வெற்றி, ஒன்பது சமன், நான்கு தோல்வி. நான்கு முறையும் உயிரோடு விட்டிருக்கிறார்கள். பயிற்சி பெற்ற வீரன் முதலாளிக்குச் சொத்து. சும்மா கொன்றுவிட மாட்டான். விடுதலை பெற்ற வீரனுக்கு என்ன தருவார்கள் தெரியுமா? ஒரு மரவாள். பல வருஷம் இரும்பை ஏந்தி உயிரைப் பணயம் வைத்தவன் கையில் கடைசியில் பயிற்சிக்கூடத்து மரக்கட்டை. நல்ல டிஸ்டோபியா எழுத்தாளர்களுக்கு இந்த மரவாள் என்னவென்று தெரியும். ஜெயித்தால் கிடைக்கும் பரிசு எதுவோ, அதில் ஊரின் குணம் முழுக்க இருக்கும். உங்கள் நாவலில் பரிசு என்ன? கூடுதல் ரேஷனா, மேட்டுப் பகுதியில் வீடா, வேலையிலிருந்து விலக்கா? இதைக் கவனிக்காமல் சண்டைக்குப் போவது பந்தயம் என்னவென்று தெரியாமல் சூதாட்டம் பார்ப்பது போல.

சூசன் காலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ (2008) நாவலை எல்லோரும் அம்பு வில்லுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒரு கணக்குச் சங்கதி. பன்னிரண்டு வட்டாரங்களிலிருந்து ஒரு பையன், ஒரு பெண் என்று 24 பேரைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். வீட்டில் சாப்பாடு போதாதவர்கள் தங்கள் பெயரைக் கூடுதலாக ஒருமுறை எழுதிப் போட்டால், ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான தானியமும் எண்ணெயும் கிடைக்கும். அடுத்த வருஷம் பழைய சீட்டுகளும் குடத்திலேயே இருக்கும். குலுக்கல் எல்லோருக்கும் பொது, ஆனால் பசித்தவன் பெயர்தான் நிறையத் தடவை இருக்கும். யாரையும் யாரும் வற்புறுத்தவில்லை, அவனாகத்தான் எழுதினான். அம்பு பறக்க ஆரம்பிப்பதற்கு வெகு முன்பே, ஓரிரு பத்திகளில், அந்த நாடு எப்படி நடக்கிறது என்று அவர் சொல்லி முடித்துவிடுகிறார். நீங்கள் தாண்டிப்போன எண்பது பக்கத்தில் இப்படி ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள் என்பதுதான் என் பரிந்துரை.

அடுத்தது உடம்பு. இதில் நான் கொஞ்சம் கறார். நாயகன் பட்டினியில் வளர்ந்தவன் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதிவிட்டு, நூறாம் பக்கத்தில் அவனை விடியற்காலை மலையேறி ஓடவிட்டு, இருநூறாம் பக்கத்தில் அரை மணி நேரம் கைச்சண்டை போட வைத்தால், ஆசிரியருக்குப் பசியும் தெரியாது சண்டையும் தெரியாது. பசி என்ன செய்யும் என்பதற்கு அளந்து எழுதிய பதிவு இருக்கிறது. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். எடையில் ஏறக்குறைய கால்வாசி போய்விட்டது. அதைவிட முக்கியம், அவர்கள் மாறிய விதம்: எந்நேரமும் குளிர், சிடுசிடுப்பு, சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். தட்டை நக்கினார்கள். பட்டினி கிடந்தவன் கோபத்தில் சீறுவதை எழுதுவது சுலபம். அவன் எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் பார்வையாளர் கையிலிருக்கும் ரொட்டியைப் பார்ப்பதை எழுதுகிறவர் தேர்ந்தவர்.

சண்டையும் அப்படித்தான். படிக்கிற காலத்தில் ஒன்றரை வருஷம் குத்துச்சண்டை பழகினேன், பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை, மூக்குதான் லேசாகக் கோணியது. ஆனால் ஒன்று புரிந்தது: மூன்று நிமிடம் என்பது மிக நீண்ட நேரம். 1867-இல் வந்த குவீன்ஸ்பெரி விதிகள் மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு என்று வைத்ததில் காரணம் இருக்கிறது. பழகாதவன் முழு வேகத்தில் அடித்தால் ஒரு நிமிடத்திலேயே கை ஈயக்குண்டாகிவிடும். கையுறை இல்லாமல் மண்டையில் குத்தினால் உடைவது பெரும்பாலும் குத்தியவனின் கை எலும்புதான், அதுவும் சுண்டுவிரலுக்குக் கீழே இருப்பது. மருத்துவர்கள் அந்த முறிவுக்கே குத்துச்சண்டைக்காரன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு நாவலில் நாயகன் முதல் சண்டை முடிந்து வீங்கின கையோடு கரண்டியைப் பிடிக்க முடியாமல் தடுமாறினான் என்றால், நான் அந்த ஆசிரியரை நம்பத் தொடங்கிவிடுவேன். எடையும் அப்படித்தான். பதினைந்து இருபது கிலோ வித்தியாசத்தை மன உறுதி ஈடுகட்டாது. அதற்குத்தான் எடைப் பிரிவுகளே வந்தன.

அப்படியென்றால் நோஞ்சான் எப்படி ஜெயிப்பான்? இதற்கு நம்மிடம் பழைய பதில் ஒன்று இருக்கிறது. திருக்குறளில் வலியறிதல் முடிந்ததும் காலமறிதல், அப்புறம் இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் வரிசையாக வரும். வலிமையை எடைபோட்டுப் பார்த்து, நாம் குறைவு என்று தெரிந்தால் என்ன செய்வது? நேரத்தைப் பார், இடத்தைப் பார் என்கிறது அந்த வரிசை. காக்கை கூகையைப் பகலில் வெல்லும். வேல்வீரர்களையே முகத்தில் கோத்த யானை சேற்றில் கால் புதைந்துவிட்டால் நரி கொன்றுவிடும். ‘சிறுபடையான் செல்லிடம் சேரின் உறுபடையான் ஊக்கம் அழிந்து விடும்’ என்ற குறளை இந்த வகை நாவல் எழுதுகிறவர்கள் மேசை மேல் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். சின்னப் படைக்காரன் தனக்கு வாகான இடத்தில் நின்றுகொண்டால் பெரிய படைக்காரனுக்கு மனசு விட்டுப்போகும்.

கிமு 73-இல் இது அப்படியே நடந்தது. கப்புவா நகரப் பயிற்சிக்கூடத்திலிருந்து ஸ்பார்டகஸும் எழுபது சொச்சம் கிளாடியேட்டர்களும் சமையலறைக் கத்தியையும் இறைச்சி வாட்டும் கம்பியையும் எடுத்துக்கொண்டு தப்பித்தார்கள். வெசூவியஸ் மலை மேல் ஏறிக்கொண்டார்கள். ரோமானியப் படை இறங்கும் ஒரே பாதையை அடைத்து உட்கார்ந்துவிட்டது, பசித்தால் தானாக வருவார்கள் என்று. மேலே இருந்தவர்கள் அங்கே மண்டியிருந்த காட்டுத் திராட்சைக் கொடிகளைப் பின்னி ஏணி கட்டி, பாதையே இல்லாத செங்குத்துப் பக்கமாக இறங்கிப் பின்னாலிருந்து அடித்தார்கள். கவனியுங்கள், எதிரியைவிட அவர்கள் பலசாலிகளாக ஆகிவிடவில்லை. கொடி அங்கே இருந்தது, அதை அவர்கள் பார்த்தார்கள்.

உங்கள் எண்பது பக்க வர்ணனையின் பயன் இங்கேதான் தெரியவரும். மூடிய ஊரில் நோஞ்சானிடம் இருக்கும் ஒரே செல்வம் ஊரைப் பற்றிய அறிவு. எடுபிடி வேலை செய்தவனுக்கு எந்தக் கதவு சரியாகச் சாத்தாது, தண்ணீர் எந்நேரம் நிற்கும், காவலாளிக்கு எந்தக் கால் வலி என்பதெல்லாம் தெரிந்திருக்கும். பலசாலிக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியம் அவனுக்கு வந்ததே இல்லை. நாயகன் கடைசியில் பயன்படுத்தும் பொருளோ வழியோ முதல் பகுதியில் சாதாரணமாக ஒருமுறை வந்துபோயிருந்தால், ஆசிரியர் நேர்மையானவர்.

இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும் ஏமாற்று ஒன்று உண்டு. பாதிக் கதையில், இவன் சாதாரணமானவன் இல்லை, பழைய தலைவரின் மறைந்துபோன பிள்ளை, இவன் ரத்தத்திலேயே ஏதோ இருக்கிறது என்று வரும். அங்கே நான் புத்தகத்தை மூடிவிடுவேன். அதுவரை நோஞ்சான் கதை என்று நம்பிப் படித்துக்கொண்டு வந்தோம், அது வாரிசுக் கதையாக மாறிவிட்டது. பிறப்பால் ஆள்கிற ஊரை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, பிறப்பால் ஜெயிக்கிறவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கோபம் வராதா?

இன்னொரு விஷயம், சின்னதுதான், கணக்கில் ஆர்வமிருந்தால் பாருங்கள். தனித்த ஊர் என்றால் ஜனத்தொகை எவ்வளவு? முந்நூறு பேர் என்று வைத்துக்கொள்வோம். பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு நாற்பது என்று தாராளமாகக் கொடுத்தாலும் வருஷத்துக்குப் பன்னிரண்டு குழந்தை. அந்த ஊரில் ஆண்டுதோறும் பத்து இளைஞர்கள் சண்டையில் செத்தால் ஒரு தலைமுறையில் ஊரே காலி. காலின்ஸ் இதில் உஷார். இருபத்து நான்கு பேரை ஒரு முழு நாட்டிலிருந்து எடுக்கிறார். நிஜத்தில் தனித்த சின்ன ஊர் சண்டையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பசிபிக் கடலில் பிட்கெய்ர்ன் தீவு இருக்கிறது. பவுண்ட்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் கலகம் செய்த ஒன்பது பேரும், அவர்கள் கூட்டிவந்த ஆறு பாலினீசிய ஆண்களும், பெண்களும் 1790-இல் அங்கே ஒதுங்கினார்கள். நிலத்துக்கும் பெண்களுக்குமாகச் சண்டை. 1808-இல் ஒரு அமெரிக்கக் கப்பல் தற்செயலாக அங்கே போனபோது பதினைந்து ஆண்களில் உயிரோடு இருந்தது ஒரே ஒருவர். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் ஒவ்வொரு சாவும் ஒரு வீட்டையே புரட்டிப்போடும். எதிராளியின் அம்மாவை நாயகன் மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் பார்க்க வேண்டியிருக்கும். அந்தக் காட்சி உங்கள் நாவலில் இருக்கிறதா? இல்லையென்றால் ஊர் வெறும் பின்திரை.

கடைசியாக, ஜெயித்த பிறகு. ஸ்பார்டகஸ் இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்தான். கிமு 71-இல் தோற்றபோது பிடிபட்ட ஆறாயிரம் பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரைக்கும் சாலையோரத்தில் சிலுவையில் அறைந்தார்கள். நாவல்களில் இவ்வளவு கொடூரம் தேவையில்லை. ஆள்பவர்களிடம் இன்னும் சுலபமான முறை இருக்கிறது. ஜெயித்தவனை மேடையில் ஏற்றி, மாலை போட்டு, ‘பாருங்கள், உழைத்தால் யாரும் வரலாம்’ என்று காட்டினால் முடிந்தது. அவனுடைய வெற்றி ஊரின் விளம்பரமாகிவிடும். இந்தப் பொறி வாசலில் இருப்பது நாயகனுக்குத் தெரிகிறதா, தெரிந்த பின் மாலையை வாங்குகிறானா மறுக்கிறானா, மறுத்தால் அவன் வீட்டாருக்கு என்ன ஆகும் என்பதில்தான் கடைசி ஐம்பது பக்கத்தின் கனம் இருக்கிறது. தொடர் நாவலாக இருந்தால் இரண்டாம் பாகம் முழுக்க இதுவாகத்தான் இருக்கும். பலரும் அதை ‘விறுவிறுப்பு குறைவு’ என்பார்கள். எனக்கு எப்போதும் இரண்டாம் பாகம்தான் பிடிக்கும்.

பிற்சேர்க்கை இருந்தால் தவிர்க்காதீர்கள். ஆர்வெலின் ‘1984’ (1949) நாயகன் நொறுங்குவதோடு முடிகிறது என்று பலரும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அதற்குப் பின்னால் அந்த ஆட்சி உருவாக்கிய மொழியைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கும். முழுக்க இறந்தகாலத்தில், சாதாரண ஆங்கிலத்தில். அப்படியானால் எழுதியவர் எந்தக் காலத்தில் உட்கார்ந்து எழுதுகிறார், அந்த ஆட்சி என்ன ஆனது என்று வாசகர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். மார்கரெட் அட்வுட்டும் ‘ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (1985) நாவலின் முடிவில் 2195-இல் நடக்கும் ஒரு ஆய்வரங்கத்தை வைத்திருக்கிறார். கதை ஒன்று சொல்லும், பின்குறிப்பு வேறொன்று சொல்லும்.

ஆக, முதல் பக்கத்துக்குப் போய் ஒரு தாளில் ஊரின் படத்தைத் தோராயமாக வரைந்துகொண்டு படியுங்கள். சண்டை வரும்போது அந்தப் படத்தில் ஏதாவது ஒன்று உதவிக்கு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம், தப்பில்லை. பிற்சேர்க்கையை மட்டும் முன்கூட்டியே புரட்டிப் பார்க்காதீர்கள். நான் அப்படிப் பார்த்து ஒரு நல்ல நாவலைக் கெடுத்துக்கொண்டேன், இன்னமும் வருத்தம்.